எலி நடந்தால் போதுமா?

பனையிலிருந்து விழுந்தவர், தென்னையிலிருந்து விழுந்தவர், கட்டடச் சாரத்திலிருந்து சரிந்தவர், இருசக்கர வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர் என இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப் போனவர்கள் குமரி மாவட்டத்து மக்களுக்குப் புதியவர்கள் அல்லர். மேலை நாடுகளில் இத்தகைய ஊனத்துக்குச் சாலை விபத்தே முதற்காரணமாக இருக்க, நம் நாட்டில் உயரத்திலிருந்து விழுவதும் அதற்கு நிகரான காரணமாக இருந்து வருகிறது. இப்படி ஒருவர் விழுந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் முன் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று ஆசாரிப்பள்ளத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் வழி. மற்றொன்று வர்ம ஆசானின் வீட்டுக்குச் செல்லும் வழி.

அண்மைக் காலத்தில் இந்த இரண்டாம் வழிக்கு ஒரு புதிய சான்று காட்டப்படுகிறது. "நம் மூலிகைகள் முறிந்த தண்டுவடத்தைச் சீராக்கும் என்பதை ஜப்பானியர் எலிகளில் மெய்ப்பித்துவிட்டனர்" என்ற வகையிலான செய்திகள் துண்டறிக்கைகளிலும் கைப்பேசியிலும் உலவுகின்றன. அமுக்கரா, மஞ்சள், வல்லாரை ஆகிய மூன்றின் பெயரும் அவற்றில் அடிக்கடி வருகின்றன. இச்செய்திகள் முற்றிலும் கற்பனை அல்ல. இவை குறிப்பிடும் ஆய்வுகள் உண்மையாகவே நடந்தவை. அறிவியல் ஏடுகளில் வெளிவந்தவை. ஆனால் அந்த ஆய்வுகள் சொல்வது ஒன்று. அவற்றின் பெயரால் சொல்லப்படுவது வேறொன்று. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தண்டுவடத்தில் நடப்பது என்ன?

முதுகெலும்புக் கோவையின் நடுவே உள்ள குழாயில், ஏறக்குறைய நம் சுண்டுவிரல் பருமனில், மூளையிலிருந்து இறங்கி வருவது தண்டுவடம். மூளையின் கட்டளைகளைக் கீழே கொண்டு செல்லும் நரம்பிழைகளும், தொடுதல், வலி, சூடு ஆகிய செய்திகளை மேலே கொண்டு செல்லும் நரம்பிழைகளும் இதில் கற்றை கற்றையாக அமைந்துள்ளன. மின்கம்பிக்கு மேலுறை இருப்பது போல இவ்விழைகளில் பலவற்றுக்கு மயலின் எனப்படும் கொழுப்புறை உண்டு. உறை அழிந்தால் செய்தி தடைப்படும் அல்லது மந்தமாகும்.

முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்கும்போது ஏற்படும் சேதம் இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது. முதற்கட்டம் அடி விழுந்த கணத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்போது அறுந்த இழைகள் அறுந்தவையே. இரண்டாம் கட்டம் அதன்பின் சில நிமிடங்களில் தொடங்கிப் பல நாட்கள், வாரங்கள் நீடிக்கிறது. இரத்தக் கசிவு, வீக்கம், இரத்த ஓட்டக் குறைவு, உயிரணுக்களைச் சிதைக்கும் வேதிப்பொருள்களின் பெருக்கம், அழற்சி ஆகியவை சேர்ந்து, அடிக்குத் தப்பிய நரம்பணுக்களையும் கொல்கின்றன. இறுதியில் அந்த இடத்தில் வடுத்திசு உருவாகிறது. கையிலோ காலிலோ உள்ள நரம்பு அறுந்தால் அது மெல்ல வளர்ந்து சேரக்கூடும். தண்டுவடத்தின் இழைகளுக்கு அந்த வளர்திறன் மிகக் குறைவு; வடுவும் சூழ்நிலையும் வளர்ச்சிக்கு எதிராகவே நிற்கின்றன.

மூலிகைப் பொருள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் கட்டச் சேதத்தைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே சோதிக்கப்படுகின்றன. அழற்சியைத் தணிப்பதும், ஆக்சிஜனால் விளையும் சிதைவைத் தடுப்பதும் பல தாவரப் பொருள்களின் பொதுக் குணம். ஆகவே இந்த எதிர்பார்ப்பில் தவறில்லை. அறுந்ததை ஒட்டவைப்பது வேறு. தப்பியதைக் காப்பது வேறு என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் செய்வது என்ன?

அமெரிக்க மருத்துவர் ஆலன் 1911 இல் நாய்களின் தண்டுவடத்தின் மீது குறிப்பிட்ட எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழச்செய்து, அடியின் அளவையும் சேதத்தின் அளவையும் ஒப்பிட்டார். இன்றைய சோதனைகளுக்கெல்லாம் மூலம் அதுவே. இப்போது பெரும்பாலும் எலிகளைப் பயன்படுத்துகின்றனர். எலியை மயக்கி, முதுகெலும்பின் ஒரு சிறு பகுதியை அகற்றி, 10 கிராம் எடையுள்ள கோல் ஒன்றை 12.5 அல்லது 25 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து தண்டுவடத்தின் மீது விழச்செய்வது ஒரு முறை. இடுக்கி கொண்டு நசுக்குவது இன்னொரு முறை. பிறகு எலிகளை இரு குழுவாக்கி, ஒன்றுக்கு மருந்தும் மற்றொன்றுக்கு வெறும் நீர் போன்ற ஒன்றும் தருகின்றனர். பின்னங்கால்களின் அசைவுக்கு 0 முதல் 21 வரை மதிப்பெண் இடுகின்றனர். பாஸோ, பீட்டி, பிரெஸ்னஹன் என்ற மூவர் 1995 இல் வகுத்த அளவுகோல் இது.

இம்முறையில் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் பற்றித் துருக்கியில் நடந்த ஓர் ஆய்வு 2010 இல் வெளிவந்தது. வல்லாரையில் உள்ள ஆசியாட்டிகோசைடு பற்றிய எலி ஆய்வு 2015 இல் வெளிவந்தது. இரண்டுமே மருந்து பெற்ற எலிகளின் நிலை மேம்பட்டதாகத் தெரிவித்தன. ஆனால் நம் துண்டறிக்கைகள் பெரிதும் நம்பியிருக்கும் "ஜப்பானிய ஆய்வு" இவற்றுக்கும் முந்தியது.

ஜப்பானின் தொயாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாகயாமா, தோடா என்னும் இருவர் 2007 இல் வெளியிட்ட ஆய்வு அது. அமுக்கராக் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த விதனோசைடு-4 என்னும் தூய பொருளைத் தண்டுவடம் அடிபட்ட சுண்டெலிகளுக்கு 21 நாட்கள் வாய்வழியாகக் கொடுத்தனர். அளவு, எடை கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 மில்லிகிராம். மருந்து பெற்றவற்றின் பின்னங்கால் இயக்கம் மேம்பட்டது. நரம்பிழைகளின் அடர்த்தியும் கூடியிருந்தது.

துண்டறிக்கை இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. ஆய்வாளர்களோ மேலும் எழுதியிருக்கின்றனர். தண்டுவடத்துக்கே உரிய மயலின் உறையின் இழப்பை அந்த மருந்து குறைக்கவில்லை. வடுவாக மாறும் துணையணுக்களின் பெருக்கத்தையும் அது தடுக்கவில்லை. கைகால் நரம்புகளில் காணப்படும் வகையைச் சேர்ந்த மயலின் மட்டுமே கூடியிருந்தது. அதாவது, சேதம் பெரும்பாலும் அப்படியே இருக்க, வேறொரு வழியில் ஓரளவு பயன் விளைந்திருக்கலாம் என்பதே அவர்களின் முடிவு. இது மதிப்புக்குரிய கண்டுபிடிப்பு. ஆனால் "சீராக்கிவிட்டது" என்ற சொல்லுக்கு இதில் இடமில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விதனோசைடு-4 உடலுக்குள் சென்றதும் சோமினோன் என்னும் பொருளாக மாறியே வேலை செய்கிறது என்று அதே ஆய்வுக்குழு கண்டது. பின்னர் அச்சோமினோனின் அமைப்பையும் மாற்றி, டெனோசோமின் என்னும் செயற்கைப் பொருளை ஆக்கிச் சுண்டெலிகளில் சோதித்து 2013 இல் வெளியிட்டது. ஆய்வு கிழங்கில் தொடங்கிக் கிழங்கைவிட்டு வெகுதூரம் போய்விட்டது. நாம் மட்டும் இன்னும் கிழங்குப் பொடியையே அதற்கு ஆதாரமாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

மருந்தில்லா எலியும் நடக்கிறது

இவ்வாய்வுகளைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மருந்து பெறாத எலிகள் என்னவாயின? அவையும் தேறுகின்றன என்பதே விடை. மிதமாக அடிபட்ட எலி முதல் நாள் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடக்கும். மருந்து எதுவும் இன்றியே சில வாரங்களில் அது கால்களை அசைக்கத் தொடங்கும். உடல் எடையைத் தாங்கி அடியெடுத்து வைப்பதும் உண்டு. தண்டுவடத்தின் ஓரத்தில் ஒரு சிறு பகுதி இழைகள் தப்பியிருந்தாலே எலிக்கு அது போதுமானதாகிறது.

நான்கு காலில் நடக்கும் விலங்குகளின் நடையைப் பெருமளவு இயக்குவது தண்டுவடத்திலேயே அமைந்த நரம்பணுக் கூட்டங்கள். பிரிட்டனைச் சேர்ந்த கிரகாம் பிரௌன், தண்டுவடம் மூளையிலிருந்து துண்டிக்கப்பட்ட பூனையிலும் நடை போன்ற கால் அசைவு எழுவதை 1911 இலேயே காட்டினார். பிற்காலத்தில், ஓடும் பட்டையின் மீது பழக்கப்பட்ட பூனைகள் தண்டுவடம் முழுதும் அறுபட்ட பின்னரும் பின்னங்கால்களால் அடியெடுத்து வைத்தன. இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கும் மனிதன் மூளையின் கட்டளையை இதைவிட மிக அதிகமாகச் சார்ந்திருக்கிறான்.

ஆகவே மருந்தின் பயன் என்பது நடந்த எலிக்கும் நடக்காத எலிக்கும் உள்ள வேறுபாடு அன்று. ஓரளவு நடந்த எலிக்கும் அதைவிடச் சற்று நன்றாக நடந்த எலிக்கும் உள்ள வேறுபாடே அது. 21 மதிப்பெண்ணில் இரண்டு மூன்று மதிப்பெண் கூடுவதை ஆய்வாளர் மகிழ்ச்சியோடு எழுதுவார். அது அவருக்கு நியாயமான மகிழ்ச்சி. அதைப் படித்துவிட்டு "முடங்கிய எலி எழுந்து ஓடியது" என்று எழுதுவது நியாயமன்று.

காலமும் அளவும்

இரண்டாவது கேள்வி, மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்பது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் அடிபட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ மருந்து தரப்படுகிறது. சிலவற்றில் அடிபடுவதற்கு முன்பே கொடுக்கத் தொடங்கிவிடுகின்றனர். இரண்டாம் கட்டச் சேதத்தைத் தடுக்க வேண்டுமானால் அதுவே தக்க காலம். ஆனால் மலையோரத் தோப்பில் விழுந்தவரைத் தூக்கி வண்டியேற்றி மருத்துவமனை சேர்ப்பதற்கே மணிக்கணக்கில் ஆகலாம். ஆசானிடம் வருபவர்களில் பலர், மருத்துவமனையில் "இனி இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்ட பிறகு, வாரங்களோ மாதங்களோ கழித்து வருபவர்கள். அப்போது இரண்டாம் கட்டச் சேதம் முடிந்து வடு உறைந்திருக்கும். அடிபட்ட அன்றே மருந்து பெற்ற எலியின் கதை, ஆறு மாதம் படுக்கையில் கிடந்தவருக்குப் பொருந்தாது.

மூன்றாவது கேள்வி அளவு. குர்குமின் ஆய்வுகளில் பயன்படும் அளவுகளுள் ஒன்று, எலியின் எடை கிலோ ஒன்றுக்கு 200 மில்லிகிராம். இதை அப்படியே 60 கிலோ எடையுள்ள மனிதனுக்குப் பெருக்கினால் நாளொன்றுக்கு 12 கிராம் குர்குமின் ஆகிறது. மஞ்சளில் நூற்றுக்கு 3 பங்கு குர்குமின் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 400 கிராம் மஞ்சள்தூள் வேண்டும்! சிறிய விலங்குகளின் உடல் மருந்தை விரைவாகச் செலவழிப்பதால் எலியின் அளவை 6.2 ஆல் வகுத்து மனிதனுக்குக் கணக்கிடுவது மருந்தியலார் வழக்கம். அப்படிப் பார்த்தாலும் ஏறத்தாழ 1.9 கிராம் குர்குமின். அதாவது நாள்தோறும் 65 கிராம் அளவுக்கு மஞ்சள்தூள். குழம்பில் இடும் மஞ்சளும் இரவில் குடிக்கும் மஞ்சள் பாலும் இதன் அருகில்கூட வரமாட்டா.

உண்ட குர்குமின் இரத்தத்தில் சேர்வதும் அரிது. குடலிலும் கல்லீரலிலும் அது விரைவில் மாற்றப்பட்டு வெளியேறுகிறது. மிளகில் உள்ள பைப்பரின் இதைத் தடுக்குமா என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு 1998 இல் வெளிவந்தது. பைப்பரின் சேர்த்தபோது உடலுக்குக் கிடைக்கும் குர்குமின் எலிகளில் நூற்றுக்கு 154 பங்கு கூடியது. மனிதரில் நூற்றுக்கு 2,000 பங்கு கூடியது. மஞ்சளோடு மிளகு சேர்த்த நம் முன்னோரின் வழக்கத்துக்கு இதைச் சான்றாகக் காட்டி மகிழ்பவர்கள், இவ்வாய்வு சொல்லும் வேறொரு பாடத்தைப் பார்க்கத் தவறுகின்றனர். ஒரே பொருள், ஒரே சேர்க்கை, ஆயினும் எலியின் உடலும் மனித உடலும் அதை நடத்திய விதத்தில் இத்துணை வேறுபாடு! எலியில் கண்டதை மனிதனுக்கு ஏற்றிச் சொல்லும் முன் நின்று யோசிக்க இந்த ஓர் ஆய்வே போதும்.

மூலிகைதானே, அதிகம் உண்டால் என்ன என்பாரும் உளர். அமுக்கரா மாத்திரைகளைத் தொடர்ந்து உண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. வேலை செய்யும் அளவுக்கு வலிமையுள்ள எந்தப் பொருளுக்கும் தீங்கு செய்யும் வலிமையும் இருக்கும்.

பெரிய மருந்துகளும் தடுக்கி விழுந்த இடம்

இது மூலிகைகளுக்கு மட்டும் நேர்ந்த குறை என்று எண்ண வேண்டா. மேலை மருத்துவத்தின் மருந்துகளும் இதே படியில் தடுக்கி விழுந்திருக்கின்றன. மெதில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து பூனைகளின் தண்டுவடத்தைக் காத்தது. 1990 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, 487 நோயாளிகளைச் சோதித்து, அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் மிகுந்த அளவில் கொடுத்தால் பயனுண்டு என்றது. உலகமெங்கும் மருத்துவமனைகள் அதைப் பின்பற்றின. பின்னர் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தவர்கள், அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் பயன் தெரியவில்லை, 8 மணி நேரத்துக்குள் என்று தனியே பிரித்த குழுவில்தான் தெரிகிறது என்றும், நோய்த்தொற்றும் இரத்தக் கசிவும் கூடுகின்றன என்றும் சுட்டினர். 2013 இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டி நெறி அம்மருந்தைப் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறிவிட்டது. 2017 இல் வேறொரு பன்னாட்டுக் குழு, 8 மணி நேரத்துக்குள் என்றால் விரும்பினால் தரலாம் என்றது. இன்னும் வழக்கு முடியவில்லை.

ஜி.எம்.-1 என்னும் மற்றொரு மருந்து 1991 இல் நாற்பது பேருக்கும் குறைவான சிறு ஆய்வில் நல்ல பலன் காட்டியது. 750 பேருக்கு மேல் சேர்த்து நடந்து 2001 இல் வெளியான பெரிய ஆய்வில், எதிர்பார்த்த முக்கிய இலக்கை அது எட்டவில்லை.

விலங்கு ஆய்வுகளின் நம்பகத்தையே சோதிக்க அமெரிக்க அரசின் நரம்பியல் ஆய்வு நிறுவனம் 2003 இல் ஓர் ஏற்பாடு செய்தது. புகழ்பெற்ற தண்டுவட ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்து, கலிஃபோர்னியா, மயாமி முதலிய இடங்களின் ஆய்வுக்கூடங்களில் மீண்டும் செய்து பார்க்கச் சொன்னது. 2012 இல் அவற்றைத் தொகுத்து எழுதியபோது, பெரும்பாலானவற்றில் முதலில் சொன்ன பலன் மீண்டும் கிடைக்கவில்லை என்பது தெரிந்தது. அவ்வாய்வுகளைச் செய்தவர்கள் பொய்யர்கள் அல்லர். குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு எலிகள், மதிப்பெண் இடுபவருக்கு எது மருந்து பெற்ற எலி என்பது தெரிந்திருத்தல், பலன் கிடைத்தால் மட்டும் ஏட்டுக்கு அனுப்புதல் ஆகிய சிறு சிறு காரணங்களே பெரிய மயக்கத்தை உண்டாக்கப் போதுமானவை. ஒரே மூலிகையைப் பற்றி வெளிவரும் ஆய்வுகள் யாவும் வெற்றியையே பேசுமானால் நாம் மகிழ்வதைவிட ஐயுறுவதே முறை.

ஆசானின் வைத்தியமும் எலியும்

இனி நம் ஊருக்கு வருவோம். கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் வேரூன்றிய வர்ம வைத்தியம் எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 வர்மங்கள் என்று அதன் நூல்கள் கணக்கிடுகின்றன. சிலம்பமும் அடிமுறையும் கற்பித்த ஆசான்களே அவற்றால் விளையும் காயங்களுக்கு வைத்தியமும் கற்றனர். எலும்பு முறிவு, மூட்டுப் பிசகு, தசைப்பிடிப்பு ஆகியவற்றில் தலைமுறைகளாகச் சேர்ந்த கைப்பழக்கம் அவர்களிடம் உண்டு. ஜெர்மானிய ஆய்வாளர் ரோமன் சீலர் குமரி மாவட்டத்தில் தங்கி ஆசான்களிடம் கேட்டறிந்து எழுதிய நூல் 2015 இல் வெளிவந்தது. முஞ்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் சித்த மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது. இம்மரபு ஆராயத்தக்கது என்பதில் இரு கருத்து இல்லை.

ஆனால் எலி ஆய்வை இம்மரபுக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் மரபையும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆசான் கொடுப்பது தனியொரு வேதிப்பொருள் அன்று. பல சரக்குகள் சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய், கஷாயம், ஒத்தடம், கட்டு, தடவுமுறை, இளக்குமுறை, பத்தியம் எல்லாம் சேர்ந்ததே அவர் வைத்தியம். எண்ணெயோ பெரும்பாலும் வெளியே பூசப்படுவது. எலிக்குக் கொடுத்ததோ ஒரு கிழங்கின் ஒரே கூறு, தூயதாகப் பிரித்து, வாய்வழியாக. எலி தேறினால் எண்ணெய் வென்றதாகாது. எலி தேறாவிட்டால் எண்ணெய் தோற்றதாகவும் ஆகாது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஆசானின் வைத்தியத்துக்கு உரிய சோதனையை அந்த வைத்தியத்தைக் கொண்டே, மனிதரிடத்திலேயே செய்ய வேண்டும்.

"ஆசானிடம் போய் நடந்தவர்களை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோமே!" என்பார்கள். கண்டது பொய்யன்று. ஆனால் அதற்குப் பல விளக்கங்கள் உண்டு. கால் மரத்து நடக்க முடியாமல் வருபவர் எல்லாரும் தண்டுவடம் நசுங்கியவர் அல்லர். முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது, தசைப்பிடிப்பு, பக்கவாதம் என நோய்கள் பலவகை. அவற்றில் சில தாமாகவே தணிபவை. தண்டுவடம் அடிபட்டவர்களிலும், சேதம் முழுமையாக இல்லாதவர் பலர் தாமாக ஓரளவு தேறுகின்றனர். அத்தேற்றத்தின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்ந்து, ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை சிறிது சிறிதாகத் தொடர்கிறது. ஆசானிடம் எண்ணெய் பூசிக்கொள்ளும் காலமும் இதுவே. பலனை எண்ணெயின் கணக்கில் எழுதுவதா, உடலின் கணக்கில் எழுதுவதா?

இன்னொரு மயக்கமும் உண்டு. தண்டுவடம் அடிபட்டவுடன் கால்கள் துவண்டு, அனிச்சைச் செயல்கூட அற்றுக் கிடக்கும். சில நாட்களிலோ வாரங்களிலோ அந்த அதிர்ச்சி நீங்கியதும், கால்கள் தாமாக விறைக்கும், துள்ளும், தொட்டால் உதறும். மூளையின் கட்டுப்பாடு இல்லாத தண்டுவடத்தின் தனிச்செயல் இது. குடும்பத்தாரோ "கால் அசைகிறது, மருந்து பிடித்துவிட்டது" என்று நம்பி, இருக்கும் நகையையும் விற்றுச் செலவழிக்கத் தொடங்குகின்றனர்.

காத்திருக்காத கடமைகள்

எந்த மூலிகைப் பொருளும் மனிதனின் தண்டுவடச் சேதத்தை மாற்றும் மருந்தாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆனால் பயன் நிறுவப்பட்ட செயல்கள் பல உண்டு. விழுந்தவரை மடக்கித் தூக்காமல், கழுத்தும் முதுகும் அசையாதவாறு பலகையில் கிடத்தி எடுத்துச் செல்ல வேண்டும். எலும்பு நிலைகுலைந்திருக்கும்போது முதுகைத் தடவுவதும் திருகுவதும் மீதமுள்ள இழைகளையும் அறுத்துவிடக்கூடும். நசுங்கிய தண்டுவடத்தின் மீதுள்ள அழுத்தத்தை அறுவை மூலம் நீக்குவதாயின் 24 மணி நேரத்துக்குள் நீக்குவதே நலம் என்பது இன்றைய கருத்து. எண்ணெய்க்காகக் கழியும் நாட்களில் இந்த நேரம் கைநழுவிப் போகிறது.

அதன்பின் உயிரைக் காப்பது பராமரிப்பு. உணர்வற்ற உடம்பில் ஒரே பக்கம் படுத்திருந்தால் படுக்கைப் புண் வருகிறது. சிறுநீர்ப்பை முழுதும் காலியாகாவிட்டால் தொற்று ஏற்பட்டுச் சிறுநீரகம் கெடுகிறது. முன்னாளில் தண்டுவட நோயாளிகளைக் கொன்றவை பெரிதும் இவ்விரண்டே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தும் சிறுநீர்ப்பையைப் பேணியும் இவற்றை வெல்லலாம் என்பதை 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பணி தொடங்கிய லுட்விக் குட்மன் காட்டினார்.

நம் நாட்டிலும் இதற்குச் சிறந்த சான்றுகள் உள்ளன. 1954 இல் கார் விபத்தில் தண்டுவடம் பழுதடைந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவம் செய்தார். 1966 இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். 1975 இல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981 இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இவ்விருவரும் மீண்டும் நடக்கவில்லை. ஆயினும் அவர்களின் வாழ்க்கை முடங்கிப்போகவில்லை. நடந்தால்தான் வாழ்வு என்று நோயாளியை நம்பவைத்து, நடக்கவைக்கும் மருந்தைத் தேடி அலையவிடுவதே அவருக்குச் செய்யும் பெரும் தீங்கு.

செயலிழப்பு நோயைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வது 1954 ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரண விளம்பரச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லி வைப்போம். "ஜப்பானில் மெய்ப்பித்தது" என்ற முத்திரையால் அக்குற்றம் நீங்கிவிடாது.

செய்யத்தக்க சோதனை

வெறும் மறுப்போடு நிற்பது விமர்சனத்தின் வேலை அன்று. குமரி மாவட்டத்தில் ஒரு நல்ல சோதனையைச் செய்ய இயலும். அரசு மருத்துவக் கல்லூரியும் சித்த மருத்துவக் கல்லூரியும் ஒரே மாவட்டத்தில் இருப்பது ஒரு வாய்ப்பு. தண்டுவடம் அடிபட்டு வரும் ஒவ்வொருவரின் நிலையையும் ஊசிமுனையாலும் பஞ்சாலும் தொட்டுச் சோதித்து, 'ஏ' முதல் 'ஈ' வரையிலான பன்னாட்டு அளவுகோலில் முதலிலேயே பதிவு செய்ய வேண்டும். எல்லாருக்கும் அறுவையும் பராமரிப்பும் உடற்பயிற்சியும் குறைவின்றித் தர வேண்டும். எலும்பு உறுதிப்பட்ட பின்னர், இசைவு தந்தவர்களில் சீட்டுக் குலுக்கித் தேர்ந்த பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக ஆசானின் மருந்தைத் தர வேண்டும். அம்மருந்தின் சரக்குகள் ஒளிவின்றி எழுதப்பட்டு, ஈயம், பாதரசம் போன்றவை கலந்துள்ளனவா என்று சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும், யார் எக்குழு என்று அறியாத ஒருவர் மீண்டும் சோதிக்க வேண்டும்.

மருந்து நடக்கவைக்காமல் போகலாம். ஆனால் விறைப்பைத் தணிக்கலாம், வலியைக் குறைக்கலாம், மூட்டு இறுகாமல் காக்கலாம், தூக்கம் தரலாம். முடங்கிய ஒருவருக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆசான்களின் கைத்திறன் உண்மையில் வெற்றி பெறக்கூடிய களம் இதுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டறியாமல், அவர்கள் கேட்காத ஒரு பெருமையை எலியின் முதுகில் ஏற்றி அவர்களுக்குச் சூட்டுவதால் மரபும் வளராது; அறிவியலும் வளராது.

எலிகளின் மீது நடக்கும் ஆய்வுகள் வீணல்ல. எந்தப் பொருளைத் தொடர்ந்து ஆராயலாம் என்பதை அவை காட்டுகின்றன. வழிகாட்டும் மரத்தை ஊர் என்று எண்ணி அதனடியிலேயே தங்கிவிடுவது பயணியின் பிழை. படுக்கையில் இருப்பவருக்கு இன்று தேவையானது இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிடும் கையும், சுத்தமான சிறுநீர்க் குழாயும், ஏறி அமர ஒரு சக்கர நாற்காலியும். ஆராய்ச்சி அதன் போக்கில் நடக்கட்டும்; இவை மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.